மான் காட்டி மான் பிடித்தல்

தைத் திங்களில், பொங்கலுக்கு மறுநாளாகிய கனுவன்று, பெருமாள் திருக்கோயில்கள் பலவற்றில் பார்வேட்டை உற்சவம் நடைபெறுவதை அடியார்கள் அறிவர். காஞ்சி வரதராஜப் பெருமாள் அன்று பழைய சீவரம் மலைக்கு எழுந்தருளுகின்றார். திருமலையில் மலையப்ப சுவாமி பார்வேட்டை மண்டபத்துக்கு எழுந்தருள, அங்கே வேட்டை நிகழ்வது போன்ற சடங்கு நடத்தப் பெறுகின்றது. பெயர் வேட்டையேயாயினும், அதில் எந்த உயிரும் வீழ்வதில்லை. அவ்வாறாயின் எம்பெருமான் எதனை வேட்டையாடப் புறப்படுகின்றான்? சம்சாரமென்னும் காட்டில் வழி தவறித் திரியும் ஜீவர்களையே என்பது பெரியோர் காட்டும் பொருள்.

இப்பொருளை விளக்கும்போது வைணவ ஆசாரியர்கள் ஓர் உவமையை எடுத்தாளுவதுண்டு. மானைக் காட்டி மானைப் பிடிக்கும் வேடனைப் போல, எம்பெருமானும் மனிதரைக் கொண்டே மனிதரை வசப்படுத்துகின்றான் என்பது அவ்வுவமை. அடியார்கள் காலட்சேபங்களில் இதனைப் பலமுறை செவிமடுத்திருப்பர். ஆயினும், மானைக் காட்டி மானைப் பிடிப்பது என்னும் தொழில் இன்று நம் கண்முன் நிகழாமையால், உவமையின் ஆழம் பலருக்குப் புலப்படுவதில்லை. அத்தொழில் எத்தகையது, மான் ஏன் அதில் அகப்படுகின்றது, அதனை நம் முன்னோர் அறத்தின் துலாக்கோலில் எவ்வாறு நிறுத்தனர் என்பவற்றை முதலில் அறிந்து கொண்டால், உவமையின் சுவை இரட்டிக்கும். அதில் அடங்கியுள்ள எச்சரிக்கையும் விளங்கும்.

எயினர் முற்றத்துப் பார்வை மான்

வேடர்கள் காட்டு விலங்குகளையும் பறவைகளையும் பிடித்தற்பொருட்டு, அவ்வினத்திலேயே ஒன்றைப் பழக்கி வளர்த்து வைப்பர். அவ்வாறு பழக்கப்பட்ட விலங்குக்குத் தமிழில் ‘பார்வை’ என்று பெயர். ‘பார்வை விலங்கு’ என்றும், ‘தீவகம்’ என்றும் அதனைக் கூறுவதுண்டு. காண்பதற்காகக் கட்டி வைக்கப்படுவது ஆதலின் பார்வை என்ற பெயர் அதற்கு மிகப் பொருந்தும். காட்டு மான் அதனைக் காண்கின்றது. கண்டு, தன் இனம் என்று நம்பி அணுகுகின்றது. அணுகியதும் வலையிலோ அம்பிலோ அகப்படுகின்றது.

பத்துப்பாட்டுள் ஒன்றாகிய பெரும்பாணாற்றுப்படை தொண்டைமான் இளந்திரையனைப் பாடியது. அதனை இயற்றியவர் கடியலூர் உருத்திரங்கண்ணனார். காஞ்சிக்குச் செல்லும் பாணனுக்கு வழி கூறும் அந்நூலில் எயினர் என்னும் வேட்டுவக் குடியினரின் இருப்பிடம் வருணிக்கப்படுகின்றது. அவர்களுடைய வீட்டு முற்றத்திலே விளாமரத்தின் அடியில் பார்வை மான் கட்டப்பட்டு நிற்பதைப் புலவர் காட்டுகின்றார். நாள்தோறும் கயிற்றால் உராயப்பட்டமையால் மரத்தின் அடி தேய்ந்து கிடக்கின்றதாம். எத்தனை நாள் அம்மான் அங்கே கட்டுண்டு நின்றதென்பதை மரத்தின் தேய்வே சொல்லிவிடுகின்றது. வைணவ அன்பர்கள் மகிழத்தக்க வேறொரு செய்தியும் அந்நூலில் உண்டு. எயினர் முற்றத்தைக் கடந்து செல்லும் அதே வழி, பின்னர்த் திருவெஃகாவில் பாம்பணைமேல் பள்ளி கொண்டருளும் பெருமானிடம் பாணனைக் கொண்டு சேர்க்கின்றது. பார்வை மானும் பள்ளி கொண்ட பெருமானும் ஒரே வழியில் அமைந்திருப்பது எண்ணத்தக்கது.

இம்முறை தமிழகத்துக்கு மட்டும் உரியதன்று. முகலாய மன்னர் அக்பரின் காலத்து ஆட்சிமுறையை விவரிக்கும் ‘அயினி அக்பரி’ என்னும் நூலில், அபுல் ஃபசல் இதனை எழுதி வைத்திருக்கின்றார். பழக்கிய ஆண் மானின் கொம்புகளில் வலையைச் சுற்றிக் காட்டு மான்களின் நடுவே விடுவர். காட்டு மான் அதனை எதிரியென்று கருதிப் போருக்கு வரும். கொம்போடு கொம்பு மோதும்போது வலையில் சிக்கிக் கொள்ளும். எயினருடைய பார்வை மான் ஆசையால் அழைத்தது; அரசருடைய பார்வை மான் பகைமையால் அழைத்தது. காமமும் குரோதமும் ஆகிய இரண்டுமே தூண்டிற்புழுவாகக்கூடும் என்பதற்கு இவ்விரு முறைகளும் சான்றாகும்.

மான் ஏன் அகப்படுகின்றது

மான் எளிதில் ஏமாறும் விலங்கன்று. காற்றில் வரும் மெல்லிய வாடையைக் கொண்டே வேங்கையும் வேடனும் இருக்குமிடத்தை அறிந்து கொள்ளும். செவிகள் இரண்டும் எப்போதும் திரும்பித் திரும்பி ஒலியைத் தேடிக் கொண்டிருக்கும். கண்கள் சிறு அசைவையும் உடனே கண்டு கொள்ளும். இத்தனை காவல் உடைய விலங்கு, ஆண்டின் ஒரு பருவத்தில் மட்டும் தன் காவலைத் தானே தளர்த்தி விடுகின்றது. அதுவே இணைசேரும் பருவம்.

மானினத்தில் கலைமானின் கொம்பு ஆண்டுதோறும் விழுந்து மீண்டும் முளைப்பது. முளைக்கும்போது மெல்லிய மயிர்த்தோல் அதனைப் போர்த்தியிருக்கும். கொம்பு முதிர்ந்து அத்தோல் உரிந்ததும், கலையின் உடலிலும் இயல்பிலும் பெரிய மாறுதல் தோன்றும். உடலுக்குள் ஊறும் சுரப்பின் மிகுதியால் அதன் கழுத்துப் பருக்கும். உரத்த குரல் எழுப்பும். மரங்களில் கொம்பைத் தேய்க்கும். பிற கலைகளோடு பொரும். பிணைகளின் பின்னே அலையும். மேய்ச்சலைக்கூட மறந்து உடல் மெலியும். நம் நாட்டுப் புள்ளிமான்களில் இச்செயல் ஆண்டு முழுவதும் ஓரளவு காணப்படினும், சில மாதங்களிலே மிகுகின்றது. குளிர்நாடுகளிலோ காலவரையறை மிகத் திட்டமானது. ஐரோப்பாவின் ரோ மான்களுக்கு ஜூலை இறுதியும் ஆகஸ்டு முற்பகுதியும் இணைசேரும் காலம். வட அமெரிக்காவின் வெண்வால் மான்களுக்குப் பெரும்பாலும் நவம்பர் மாதம்.

வேடன் காத்திருப்பது இந்நாட்களுக்கே. ஐரோப்பிய வேடர்கள் ஒரு மரத்தின் இலையையோ புல்லிதழையோ உதட்டில் வைத்து ஊதி, பெண் மானின் குரலைப் போன்று ஒலி எழுப்புவர். அதனைக் கேட்ட கலை, புதரைப் பிளந்து கொண்டு ஓடி வரும். அமெரிக்காவில் பிளாஸ்டிக்கினால் செய்த பொய்மானை வெளியிலே நிறுத்துவோர் உளர். பெண் மானின் உருவை நிறுத்தினால் வேட்கையால் வரும். சிறு கொம்புடைய ஆண் மானின் உருவை நிறுத்தினால் சினத்தால் வரும். மான்கொம்புகள் இரண்டை ஒன்றோடொன்று மோதி, எங்கோ இரு கலைகள் பொருகின்றன என்று எண்ணுமாறு ஓசை செய்வதும் உண்டு. எனவே உருவம், குரல், பகை ஆகிய மூன்றும் வேடனுக்குக் கருவிகளாகின்றன.

ஆயினும் ஒன்றை மட்டும் வேடனால் எளிதில் மறைக்க இயலாது. அதுவே வாடை. உருவம் எத்துணை ஒத்திருந்தாலும், குரல் எத்துணை இனிதாயினும், மனித வாடை காற்றில் வந்து விட்டால் மான் ஒரு கணமும் நில்லாது. ஆதலால்தான் வேடன் காற்று வீசும் திசையை அறிந்து, அதற்கு எதிர்ப்புறமாகவே பதுங்குகின்றான். கண்ணையும் காதையும் ஏமாற்றலாம். மூக்கை ஏமாற்றுதல் அரிது. இச்செய்தியை அன்பர்கள் நினைவில் இருத்திக் கொள்ளல் வேண்டும். ஆதிகவி இதனை எவ்வளவு நுட்பமாக அறிந்திருந்தார் என்பது பின்னர்ப் புலப்படும்.

வேட்டுவன் மனையாள் காட்டிய அறம்

புறநானூற்றின் 320ஆம் பாடல் வீரை வெளியனார் என்னும் புலவர் பாடியது. அதில் வரும் காட்சி ஒரு வேட்டுவனுடைய வீட்டு முற்றத்தில் நிகழ்வது. முஞ்ஞையும் முசுண்டையும் அடர்ந்து படர்ந்திருப்பதால் அம்முற்றத்துக்குப் பந்தலே வேண்டுவதில்லை. அந்நிழலில் வேட்டுவன் களைத்து அயர்ந்து உறங்குகின்றான். அருகே அவன் வளர்க்கும் பார்வைப் பிணை நிற்கின்றது. அவ்வேளையில் காட்டிலிருந்து தனியே வந்த ஒரு கலைமான், அப்பிணையைத் தழுவி விளையாடுகின்றது.

வேடன் பார்வை மானைக் கட்டி வைத்ததே இந்த ஒரு கணத்துக்காகத்தான். வில்லும் அங்கேயே உள்ளது. ஒரு குரல் கொடுத்தால் போதும். அன்றைய உணவு கிடைத்து விடும். வேட்டுவன் மனையாள் இதனைக் காண்கின்றாள். கண்டு அவள் செய்தது என்ன? கணவன் விழித்து விடுவானோ என்று அஞ்சுகின்றாள். தன் அசைவைக் கண்டு கலைமான் பிணையை விட்டு ஓடிவிடுமோ என்றும் அஞ்சுகின்றாள். ஆகவே வீட்டுக்குள் நடமாடாமல் அப்படியே நின்று விடுகின்றாள். முற்றத்தில் மான்தோலின்மேல் பரப்பி உலர வைத்த தினையைக் காட்டுக்கோழியும் இதல் என்னும் பறவையும் கவர்ந்து உண்கின்றன. அவற்றை ஓட்டவும் அவள் கை எழவில்லை.

அவள் ஊனுண்ணாத தவமகள் அல்லள். அதே பாடலில் அவ்வீட்டில் இறைச்சி சுடப்பட்டுச் சுற்றத்தோடு பகிர்ந்துண்ணப்படுவதையும் புலவர் மறைக்காமல் கூறுகின்றார். வேட்டையே அவர்கள் வாழ்க்கை. இருந்தும், இரண்டு உயிர்கள் அன்பில் தம்மை மறந்திருக்கும் வேளையில் அவற்றுக்கு ஊறு நேரலாகாது என்பதை யாரும் கற்பிக்காமலே அவள் அறிந்திருந்தாள். அவ்வறத்துக்கு அவள் கொடுத்த விலை, உலர்ந்து கொண்டிருந்த தினை. மானைக் கொல்ல வைத்த பார்வையே, அன்று அம்மானைக் காக்கும் கருணை தோன்றுதற்குக் காரணமாயிற்று.

பாண்டுவும் நிஷாதனும்

வேட்டுவன் மனையாள் அறிந்ததை ஒரு பேரரசன் அறியாது போனான். பாரதத்தின் ஆதிபர்வம் கூறும் வரலாறு இது. கிந்தமர் என்னும் முனிவர், மனிதர் முன்னே நாணம் உறுவதால், மான் வடிவம் கொண்டு மான் வடிவிலிருந்த தம் மனைவியோடு கூடியிருந்தார். வேட்டைக்கு வந்த பாண்டு அம்மான்கள்மேல் அம்பு எய்தான். வீழ்ந்த முனிவர் மனிதக் குரலில் பேசினார். பாண்டு, வேட்டை அரசர்க்கு உரியது என்று வாதிட்டான். அகத்தியர் முதலியோரையும் எடுத்துக் காட்டினான். அதற்கு முனிவர் கூறிய விடை மிக நுட்பமானது. மானைக் கொன்றதை அவர் பழிக்கவில்லை. கூடியிருந்த வேளையில் கொன்றதையே பழித்தார். அக்கூட்டம் முடியும் வரையிலாவது அவன் காத்திருந்திருக்க வேண்டும் என்றார். அவனும் அத்தகைய வேளையிலேயே மாள்வான் என்று சபித்தார். பின்னர் வசந்த காலம் ஒன்றில் மாத்ரியைத் தழுவிய பாண்டு அக்கணமே உயிர் துறந்தான். குருகுலத்தின் வரலாறு முழுவதையும் திருப்பிய நிகழ்ச்சிகளுள் இதுவும் ஒன்று.

ஸ்ரீமத் ராமாயணம் தோன்றியதற்கும் இத்தகைய நிகழ்ச்சியே காரணம். தமசை நதிக்கரையில் இணைந்து களித்திருந்த கிரௌஞ்சப் பறவைகளுள் ஆண் பறவையை ஒரு நிஷாதன் எய்து வீழ்த்தினான். பெண் பறவையின் கதறலைக் கேட்ட வான்மீகி முனிவரின் சோகமே சுலோகமாக வெளிப்பட்டது என்பது யாவரும் அறிந்தது. இரண்டு இதிகாசங்களும் ஒரே தவறைச் சுட்டிக் காட்டுகின்றன. பிற உயிர் தன்னைக் காத்துக் கொள்ள மறந்திருக்கும் வேளையைத் தனக்கு வாய்ப்பாகக் கொள்ளுதல் வீரமும் ஆகாது, அறமும் ஆகாது. பார்வை மான் வேட்டையோ அவ்வேளையை வேடன் தானே உண்டாக்கிக் கொள்வது. ஆகவே அதன் பழி இன்னும் ஒரு படி மிகுதி என்று கொள்ளத் தகும்.

மனிதரைப் பிடிக்க வந்த மான்

இணைந்திருந்த பறவையின் வீழ்ச்சியில் தோன்றிய ராமாயணம், ஆரணிய காண்டத்தில் ஒரு பார்வை மானாலேயே திருப்பம் அடைகின்றது. மாரீசன் கொண்ட பொன்மான் வடிவமே அது. மற்றப் பார்வை மான்கள் மானைப் பிடிப்பதற்காக வேடனால் நிறுத்தப்படுபவை. இதுவோ, வில்லேந்திய சக்கரவர்த்தித் திருமகனைப் பிராட்டியிடமிருந்து பிரித்தற்பொருட்டு இராவணனால் அனுப்பப்பட்டது. வேடனைப் பிடிக்க வந்த மான் என்று இதனைச் சொல்லலாம்.

அம்மான் ஆசிரமத்தின் அருகே உலாவிய காட்சியை வருணிக்கும் வான்மீகி முனிவர், இடையிலே ஒரு சிறு செய்தியை வைத்திருக்கின்றார். காட்டிலிருந்த மற்ற மான்கள் பொன்மானைக் கண்டு அதனிடம் வந்தன. அணுகி முகர்ந்து பார்த்தன. உடனே திசைக்கு ஒன்றாக ஓடிப் போயின. பொன்னும் மணியும் அவற்றை மயக்கவில்லை. உருவத்தில் மானாயினும் வாடையில் அரக்கன் என்பதை அவை உணர்ந்து கொண்டன. காட்டின் எளிய மான்கள் அறிந்ததை, அழகில் ஈடுபட்ட மனிதக் கண் அறியவில்லை. வேட்டுவத் தொழிலின் நுட்பத்தை அறிந்தவர்க்கு, இவ்வொரு செய்தியில் முனிவர் அடக்கி வைத்த பொருள் இனிது விளங்கும்.

இளையபெருமாளுக்கு மட்டும் ஐயம் எழுந்தது. இது மாரீசனே, காட்டுக்கு வேட்டையாட வந்த அரசர்களை இவ்வாறு வேடம் பூண்டு முன்னரும் கொன்றிருக்கின்றான் என்று அவர் எடுத்துரைத்தார். அவன் பழைய வழக்கத்தைக் கொண்டு அவனை அளந்தார் என்க. பெருமாளும் அதனை முற்றும் மறுத்தாரல்லர். அரக்கனே ஆயின் அவன் அழிக்கத் தக்கவன் என்று கூறி, பிராட்டியின் விருப்பத்தை நிறைவேற்றப் புறப்பட்டார். மனித அவதாரத்துக்கு ஏற்ற மனித நடையை அவர் கைவிடவில்லை.

மாரீசனின் சூழ்ச்சி உருவத்தோடு நிற்கவில்லை. அம்பு பட்டு வீழ்ந்தபோது, பெருமாளுடைய குரலைப் போன்ற குரலில் பிராட்டியின் பெயரையும் இளையபெருமாளின் பெயரையும் சொல்லிக் கதறினான். உருவப் பார்வை பெருமாளை அகற்றியது. குரற் பார்வை இளையபெருமாளை அகற்றியது. வேடர்கள் கையாளும் இரு கருவிகளையும் அவன் ஒருவனே கையாண்டான். முதல் கருவி விருப்பத்தைத் தொட்டது. இரண்டாவது கருவி அன்பினால் உண்டாகும் அச்சத்தைத் தொட்டது. அன்பு கொண்ட உள்ளத்தையே அன்பைக் கொண்டு ஏமாற்றுவதுதான் இத்தொழிலின் கொடுமை.

கிருஷ்ணாவதாரத்தின் முடிவிலும் மான் நினைவு வருகின்றது. மரத்தடியில் அமர்ந்திருந்த கண்ணனின் சிவந்த திருவடியை மானின் முகமென்று எண்ணி, ஜரன் என்னும் வேடன் அம்பு எய்தான். முன்னையதில் மானென்று கண்டது அரக்கனாயிற்று. பின்னையதில் மானென்று கண்டது பரம்பொருளாயிற்று. அருகே வந்து உண்மையை அறிந்து திருவடியில் வீழ்ந்த அவ்வேடனை எம்பெருமான் மன்னித்து நற்கதி அளித்தான் என்று ஸ்ரீமத் பாகவதம் கூறுகின்றது.

யானையும் மானும் கற்பித்த பாடம்

பாகவதத்தின் பதினோராம் ஸ்கந்தத்தில், கண்ணன் உத்தவருக்கு அருளிய உபதேசத்தின் நடுவே, யது மன்னனுக்கும் அவதூதர் ஒருவருக்கும் நடந்த உரையாடல் வருகின்றது. தமக்கு இருபத்துநான்கு குருமார்கள் உண்டென்று அவதூதர் கூறுகின்றார். அவற்றுள் யானையும் மானும் அடங்கும். பெண் யானையின் உடல் தீண்டலை விரும்பிச் செல்லும் களிறு கட்டுண்கின்றது. வேடனின் இசையில் மயங்கிய மான் வலையில் வீழ்கின்றது. ஒன்று ஸ்பரிசத்தால் அழிந்தது. மற்றொன்று சப்தத்தால் அழிந்தது. ஒரு புலன் வழியே போனவை இவ்வாறு கெட்டன. ஐம்புலன்களையும் ஒருங்கே உடைய மனிதன் எத்துணை விழிப்போடு இருத்தல் வேண்டும் என்பது பாடத்தின் கருத்து.

இதில் அவதூதர் களிற்றையோ மானையோ இகழவில்லை; அவற்றைக் குரு என்றே வணங்குகின்றார். பிற உயிரின் வீழ்ச்சியைக் கண்டு நகைப்பவன் வேடன். அதனைக் கண்டு தான் திருந்துபவன் அடியான்.

எம்பெருமான் வைத்த பார்வை

இனித் தொடக்கத்தில் கூறிய உவமைக்கு வருவோம். எம்பெருமான் மீனாயும் ஆமையாயும் மனிதனாயும் பலமுறை அவதரித்தான். ஆயினும் உலகினர் பலர் அவனைத் தம்மில் ஒருவனென்று எண்ணி அலட்சியம் செய்தனர். அல்லது, அவன் ஈசுவரன், நாமோ சம்சாரிகள் என்று அஞ்சி விலகினர். ஆகவே நம்மைப் போலவே இவ்வுலகில் பிறந்து, பசியும் பிணியும் அறிந்து, நம் மொழியையே பேசும் ஆழ்வார்களையும் ஆசாரியர்களையும் அவன் நம்மிடையே நிறுத்தினான். மான் மானை நம்பி வருவது போல, மனிதர் மனிதரை நம்பி வருவர் என்பதே அவன் திருவுள்ளம்.

உவமை எவ்விடத்தும் முற்றும் பொருந்துவதில்லை. இவ்வுவமையிலோ, பொருந்தாத இடங்களே பொருந்தும் இடங்களைக் காட்டிலும் இனியவை. அவை மூன்று.

முதலாவது, வேடனுடைய பார்வை மான் தான் செய்வது இன்னதென்று அறியாது. அது கயிற்றில் கட்டுண்டு நிற்கின்றது. தன் இனத்துக்குத் தான் கேடு விளைவிப்பதை அறியாமலே மேய்ந்து கொண்டிருக்கின்றது. ஆசாரியரோ அறிந்தே நிற்கின்றார். அவரைக் கட்டியிருப்பது கருணை.

இரண்டாவது, பார்வை மான் காட்டுவது ஒன்று; கிடைப்பது வேறொன்று. இணையைக் காண வந்த கலைக்கு அம்பே கிடைக்கின்றது. ஆசாரியர் காட்டுவதும் கிடைப்பதும் ஒன்றே. எம்பெருமானின் திருவடியைக் காட்டி, அத்திருவடியிலேயே சேர்ப்பிக்கின்றார்.

மூன்றாவது, வேடன் பிடிக்கும் மான் அவனுடையதன்று. காட்டுக்கு உரியதை அவன் கவர்ந்து கொள்கின்றான். எம்பெருமான் பிடிக்கும் ஜீவனோ என்றும் அவனுக்கே உரியது. காணாமற்போன உடைமையை உடையவன் தேடி எடுத்துக் கொள்கின்றான். அதனால்தான், ஜீவன் எம்பெருமானை அடைவதைக் காட்டிலும், எம்பெருமான் ஜீவனை அடைவதே பெரும்பேறு என்று நம் பெரியோர் கொண்டாடினர்.

பொய்ப் பார்வையை அறியும் வழி

உண்மையான பார்வை இருக்குமிடத்தில் பொய்ப் பார்வையும் இருத்தல் இயல்பு. தவவேடத்தில் மறைந்து தீயன செய்பவனைப் புதரில் மறைந்து பறவை பிடிக்கும் வேட்டுவனோடு ஒப்பிட்டுத் திருவள்ளுவர் கூடாவொழுக்க அதிகாரத்தில் எச்சரித்திருக்கின்றார். இராவணனும் பிராட்டியின்முன் வந்தது சந்நியாசி வேடத்திலேயே அன்றோ! ஆகவே வேடத்தைக் கண்ட அளவிலே பின்செல்லுதலும் தகாது. போலிகளுக்கு அஞ்சி மெய்யான பெரியோரையும் விலக்குதல் அதனினும் தகாது. தண்டகாரணியத்து மான்கள் காட்டிய வழியே சிறந்த வழி. அவை பொன்மானைக் கண்டவுடன் ஓடவில்லை. கண்டவுடன் மயங்கவும் இல்லை. அணுகின, முகர்ந்தன, பின்னரே முடிவு செய்தன.

மானுக்கு வாடை எவ்வாறோ, மனிதருக்கு ஒழுக்கம் அவ்வாறு. ஒருவருடைய உருவம் கவரலாம், குரல் உருக்கலாம். அவர் நாள்தோறும் நடந்து கொள்ளும் நடையை மட்டும் நெடுநாள் மறைத்தல் அரிது. எளியவரிடம் அவர் எவ்வாறு பேசுகின்றார்? பிறர் சோர்ந்திருக்கும் வேளையை எதற்குப் பயன்படுத்துகின்றார்? துயரத்தாலோ ஆசையாலோ ஒருவர் தம்மை மறந்து வந்து நிற்கும்போது, அவரைத் தாங்குகின்றாரா, கவர்ந்து கொள்கின்றாரா? இவற்றை நோக்கினால் மெய்ப் பார்வையும் பொய்ப் பார்வையும் தாமே வேறுபட்டுத் தோன்றும்.

இன்றைய நிலை

நம் நாட்டில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் மான் வேட்டையைக் குற்றமாக்கியுள்ளது. கொல்வது மட்டுமன்றி, கண்ணி வைத்தல், பிடித்தல், இரை காட்டி ஈர்த்தல், அவற்றுக்கு முயலுதல் ஆகிய அனைத்தையும் வேட்டை என்றே அச்சட்டம் கொள்கின்றது. வலையை விரிப்பதும் குற்றமே என்பது பழைய அறநூல்களின் நோக்குக்கும் இசைந்தது. கோடியக்கரையில் 1967ஆம் ஆண்டு ஏற்பட்ட சரணாலயத்தில் திருகிய கொம்புகளையுடைய வெளிமான்கள் இன்றும் கூட்டமாக மேய்கின்றன. இராமர் பாதம் என்று அடியார்கள் வணங்கும் மேடும் அவ்வனத்திலேயே உள்ளது.

அமெரிக்காவில் வேறொரு புதுமை நடைபெறுகின்றது. அங்கே பல மாநிலங்களில் வனக் காவலர்கள், தலையும் வாலும் அசையும் எந்திர மானைச் சாலையோரத்தில் நிறுத்தித் தாம் மறைந்திருப்பர். சட்டத்தை மீறி அதன்மேல் சுடுபவன் கையும் களவுமாக அகப்படுவான். மானைக் கொல்லப் பிறந்த சூழ்ச்சியே இங்கு மானைக் காக்கும் வேலியாகின்றது. கருவி ஒன்றே, அதனை வைத்தவனுடைய உள்ளமே அதன் தன்மையைத் தீர்மானிக்கின்றது.

திருவீதியில் ஒரு பார்வை

திருவிழாக் காலத்தில் எம்பெருமான் கர்ப்பகிருகத்தை விட்டு வெளியே புறப்படுகின்றான். பொன்னும் மணியும் பூண்டு, மலர்மாலைகள் சூடி, நாதசுரம் முன்னே ஒலிக்கத் திருவீதிகளில் எழுந்தருளுகின்றான். கண்ணுக்கு உருவமும், செவிக்கு இசையும், மூக்குக்குத் துளசி மணமும், நாவுக்குப் பிரசாதமும், சிரத்துக்குச் சடாரியின் தீண்டலுமாக ஐம்புலன்களையும் அவன் ஒருங்கே அழைக்கின்றான். களிற்றையும் மானையும் கெடுத்த அதே புலன்கள், இங்கே கரையேறும் படிகளாகின்றன. கோயிலுக்கு வர எண்ணாமல் வாயிலில் நின்றவனும், குழந்தைக்கு வேடிக்கை காட்ட வந்தவனும், கூட்டத்தைக் கண்டு நின்றவனும் அத்திருவுருவைக் கண்டு ஒரு கணம் தம்மை மறக்கின்றனர். தம்மை மறந்து நிற்போரை எய்பவன் வேடன். அந்நிலையில் அவர்களைத் தன்னவராக அணைத்துக் கொள்பவன் எம்பெருமான்.

‘பார்வை’ என்னும் சொல்லுக்குத் தமிழில் கடாட்சம் என்ற பொருளும் உண்டு. திருவிழாவைக் காண வந்த அடியார்கள் எம்பெருமானை நோக்குகின்றனர். அவனும் அவர்களை நோக்குகின்றான். அந்நோக்கில் அகப்பட்டவர் தம் இல்லங்களுக்கு மீளும்போது, வேட்டுவன் மனையாளின் ஒரு செயலையேனும் உடன் கொண்டு செல்லுதல் நன்று. பிற உயிர் காவலற்று நிற்கும் வேளையில், தமக்கு ஒரு படி தினை போயினும், கையசைக்காமல் காத்து நிற்றலே அச்செயல். அதனை அறிந்து ஒழுகுவோர் இல்லந்தோறும் எம்பெருமானின் திருவருள் நிலைபெறுவதாக.